பெங்களூரில் மெதடிஸ்ட் சபையில் சேருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ கல்யாணமாகியோ பெங்களூருக்கு வந்து, ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபைக்கு நாலைந்து ஞாயிறு போய், "இனி இங்கேயே இருந்துவிடலாமே" என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பு எங்கள் சபையில் எனக்கு உண்டு. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். சின்னச் சின்ன வழக்கங்கள் சபைக்குச் சபை மாறும். அந்த இடங்களில் உங்கள் போதகர் சொல்வதே முடிவு.

மெதடிஸ்ட் வேறு, சி.எஸ்.ஐ. வேறா? எங்கள் ஊர் வெஸ்லி சபை சி.எஸ்.ஐ.யில்தானே இருக்கிறது?

ஆமாம், உங்கள் ஊர் வெஸ்லி சபை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைதான். நீங்கள் இங்கே வந்து பார்க்கும் மெதடிஸ்ட் சபை சி.எஸ்.ஐ. இல்லை என்பதும் சரிதான். இந்தக் குழப்பம் இல்லாமல் யாரும் வருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் தன் இருதயம் அனல் கொண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரும் தம்பி சார்லஸும் முன்னின்று நடத்திய எழுப்புதல்தான் மெதடிஸ்ட் இயக்கம். அது இந்தியாவுக்கு இரண்டு வழியாக வந்தது.

ஒன்று, இங்கிலாந்திலிருந்து வந்த வெஸ்லியன் மிஷன். 1817இல் அவர்கள் சென்னையில் பணி தொடங்கினார்கள். 1820களிலேயே பெங்களூர் கன்டோன்மென்ட்டில் தமிழர்கள் நடுவில் ஊழியம் செய்திருக்கிறார்கள். இங்குள்ள ஹட்சன் நினைவு ஆலயமும் ஈஸ்ட் பரேட் ஆலயமும் அந்த மிஷன் வழி வந்தவை. மன்னார்குடி, கரூர், திருச்சி பக்கத்து வெஸ்லி சபைகளும் அப்படித்தான். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவை எல்லாம் ஆங்கிலிக்கன் சபைகளோடும் மற்றவற்றோடும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆகிவிட்டன.

மற்றொன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 1856இல் வில்லியம் பட்லர் வந்து பரேலி, லக்னோ பக்கம் பணி தொடங்கினார். 1870இல் வில்லியம் டெய்லர் என்ற சுவிசேஷகர் வந்து பம்பாய், கல்கத்தா, சென்னை, பெங்களூர் என்று நகரம் நகரமாகப் போனார். அப்போது பிறந்த சபைகளைச் சேர்த்து 1876இல் தென்னிந்திய மாநாடு அமைந்தது. மாநாடு என்றால் ஒரு பகுதியின் சபைகளைச் சேர்த்து நடத்தும் மெதடிஸ்ட் நிர்வாக அமைப்பு. ரிச்மண்ட் டவுன் மெதடிஸ்ட் சபை அந்த வழி வந்தது. 1880இல் தொடங்கிய பால்ட்வின் பள்ளிகளும் அதே வழிதான். இந்தப் பிரிவு 1947இல் சி.எஸ்.ஐ.யிலும் சேரவில்லை, 1970இல் வடக்கே சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை) உருவானபோது அதிலும் சேரவில்லை. 1981 ஜனவரி 7 அன்று சென்னையில் 'மெதடிஸ்ட் சர்ச் இன் இந்தியா' என்று தன்னாட்சி பெற்ற சபையானது. இன்று பெங்களூரில் பொதுவாக மெதடிஸ்ட் சபை என்று சொன்னால் இதுதான்.

ஆக, சி.எஸ்.ஐ. வெஸ்லி சபைக்காரர்களும் நாங்களும் ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகள். நம்பிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. நிர்வாகமும் பேராயர்களும் பதிவேடுகளும்தான் தனித்தனி. சேருவது என்று வரும்போது அந்தப் பதிவேடுதான் முக்கியமாகிறது.

உறுப்பினர் ஆகாமல் சும்மா வந்து போகலாமா?

தாராளமாக. யாரும் வாசலில் நிறுத்தி அட்டை கேட்கமாட்டார்கள். திருவிருந்திலும் பங்கு பெறலாம். கிறிஸ்துவை நேசித்து, மனந்திரும்பி, மற்றவர்களோடு சமாதானமாக வாழ நினைக்கிற எல்லோரையும் மெதடிஸ்ட் மேஜை அழைக்கிறது. எந்தச் சபை என்று கேட்பதில்லை.

அப்படியானால் எதற்குச் சேர வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். என் பதில் இது. வந்து போகிறவர் ஒரு ஞாயிறு வராவிட்டால் யாருக்கும் தெரியாது. உறுப்பினர் வராவிட்டால், "ஏன் வரலை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற கடமை எங்களுக்கு வருகிறது. ஊரை விட்டு வந்து ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பதினாலாவது மாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு அப்படிக் கேட்க நாலு பேர் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. உங்களுக்கும் அதே கடமை மற்றவர்கள் மேல் வரும். சான்றிதழ், கடிதம், ஓட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் சி.எஸ்.ஐ. உறுப்பினர். திருநெல்வேலியில் திடப்படுத்தல் எடுத்திருக்கிறேன். இங்கே சேர என்ன வேண்டும்?

உங்கள் ஊர் ஆயரிடமிருந்து ஒரு மாற்றுக் கடிதம். டிரான்ஸ்பர் லெட்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். அதில் உங்கள் பெயர், ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு சபைக்கு முன்னால் விசுவாசத்தை அறிக்கை செய்வது) நடந்த தேதி, நல்ல நிலையில் உள்ள உறுப்பினர் என்ற வரி, ஆயரின் கையெழுத்து, சபை முத்திரை இருக்க வேண்டும். குடும்பமாக வந்தால் எல்லோர் பெயரும் ஒரே கடிதத்தில் இருந்தால் போதும்.

கடிதம் வந்ததும் போதகர் உங்களோடு பேசுவார். வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போவதும் உண்டு. அப்புறம் ஒரு ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் உங்களை வரவேற்றுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். மறுபடி திடப்படுத்தல் எடுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்த வாக்கு செல்லும்.

கடிதத்துக்காக ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஆயரை நேரில் பார்த்து, ஏன் மாறுகிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். உங்களை வளர்த்த சபையை விட்டு வருகிறீர்கள், சொல்லிக்கொண்டு வருவதுதான் முறை. கோபித்துக்கொண்டு ஒரு சபையை விட்டு வந்து இன்னொன்றில் சேருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் பெரும்பாலும் கூடவே வருகிறது. இரண்டாவது வருஷத்திலேயே இங்கேயும் ஏதாவது பிடிக்காமல் போய்விடுகிறது.

ஊர்ச் சபையிலும் பெயர் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும். முடியாதா?

முடியாது. ஒருவர் ஒரு சபையில்தான் உறுப்பினர். இதில் பலருக்கு மனக்கஷ்டம் உண்டு என்று தெரியும். அப்பா, தாத்தா கல்லறை அங்கே இருக்கிறது, அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் போகிறோம், எப்படிப் பெயரை எடுப்பது என்பார்கள். பண்டிகைக்குப் போங்கள், ஆலயம் கட்டப் பணம் அனுப்புங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். அப்படியும் மனசு வரவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். ஊர்ச் சபையில் உறுப்பினராகவே இருந்துகொண்டு, இங்கே ஒழுங்காக ஆராதனைக்கு வாருங்கள். பாடகர் குழுவில் பாடலாம், ஞாயிறு பள்ளியில் உதவலாம். உறுப்பினர் கூட்டத்தில் ஓட்டு மட்டும் இருக்காது.

குழந்தையாக இருக்கும்போது தெளிப்பு ஞானஸ்நானம் எடுத்தேன். இப்போது முழுக்கு எடுக்கச் சொல்வீர்களா?

சொல்லமாட்டோம். நீங்களாகக் கேட்டாலும் கொடுக்கமாட்டோம்.

பெங்களூரில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட அதிகமாக வரும். அலுவலகத்தில் ஜெபக்குழு நடத்தும் நண்பர் ஒருவர், "நீ எடுத்தது ஞானஸ்நானமே இல்லை" என்று சொல்லியிருப்பார். அது மனதை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் மெதடிஸ்ட் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளின் ஞானஸ்நானம் சபையில் தொடர வேண்டும் என்று எங்கள் விசுவாசப் பிரமாணங்களிலேயே இருக்கிறது. இந்தப் பிரமாணங்கள் மொத்தம் 25. ஆங்கிலிக்கன் சபையின் 39ஐ வெஸ்லி 1784இல் 24 ஆகச் சுருக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார், அங்கே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஞானஸ்நானத்தில் முதலில் செயல்படுகிறவர் கடவுள் என்பதுதான் இதன் அடிப்படை. நீங்கள் கேட்கத் தெரியாத வயதிலேயே அவருடைய கிருபை உங்களைத் தேடி வந்தது. நாம் அவரைத் தேடும் முன்பே நம்மைத் தேடி வருகிற கிருபையைப் பற்றி வெஸ்லி ஓயாமல் பிரசங்கித்தார். அவர் செய்ததை இன்னொரு தடவை செய்ய வேண்டியதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டிய பதில், வளர்ந்த பிறகு சபைக்கு முன்னால் நின்று "ஆம், நான் விசுவாசிக்கிறேன்" என்று சொல்வது. அதைத்தான் திடப்படுத்தலில் செய்கிறீர்கள்.

முறையைப் பொறுத்தவரை தெளிப்பு, ஊற்றுதல், முழுக்கு மூன்றையும் ஏற்கிறோம். பெரியவராகி முதல் தடவை எடுக்கிறவர் முழுக்கு வேண்டும் என்றால் போதகர் அதற்கு ஏற்பாடு செய்வார்.

நான் கத்தோலிக்கன். மறுபடி ஞானஸ்நானம் வேண்டுமா?

வேண்டாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானம் எந்தச் சபையில் நடந்திருந்தாலும் செல்லும். பங்கிலிருந்து ஞானஸ்நானச் சான்று வாங்கி வாருங்கள். அப்புறம் உறுப்பினர் வகுப்பில் உட்கார்ந்து, விசுவாச அறிக்கை செய்து சேரலாம்.

சில வேறுபாடுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இங்கே ஞானஸ்நானம், திருவிருந்து என்று இரண்டு சாக்கிரமெந்துகள் (திருச்சடங்குகள்) தான். அப்பமும் ரசமும் பொருளளவில் மாறுகின்றன என்ற போதனையை மெதடிஸ்ட் பிரமாணங்கள் ஏற்பதில்லை. ஆனால் கிறிஸ்து அங்கே மெய்யாகவே நம்மைச் சந்திக்கிறார் என்று நம்புகிறோம். மாதா பக்தி ஆராதனையில் இருக்காது. சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழாவுக்குச் சின்ன வயதிலிருந்து காவி உடுத்திப் போனவர்களுக்கு இந்த மாற்றம் லேசாக இருக்காது. அதை அடக்கிவைக்காமல் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உங்கள் அம்மாவின் பக்தியை இங்கே யாரும் இழிவாகப் பேசக் கூடாது. அப்படி யாராவது பேசினால் என்னிடமே சொல்லுங்கள்.

பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறேன். அங்கே கடிதம் தரமாட்டார்கள்.

பரவாயில்லை. ஞானஸ்நானம் எடுத்ததற்கு ஏதாவது சான்றோ, சாட்சி சொல்ல ஒருவரோ இருந்தால் போதகர் முடிவெடுப்பார். வகுப்பில் சேர்ந்து விசுவாச அறிக்கையின் வழியாக உறுப்பினர் ஆகலாம்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்கவில்லை. எனக்கு என்ன வழி?

வாருங்கள். முதலில் அவ்வளவுதான். மெதடிஸ்ட் குழுக்களில் சேர வெஸ்லி 1743இல் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பாவத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற ஆசை. வேறு தகுதி எதையும் அவர் கேட்கவில்லை.

சில மாதங்கள் ஆராதனைக்கு வந்து, வேதத்தை வாசித்து, போதகரோடு பேசி, உங்கள் மனம் உறுதியான பிறகு ஞானஸ்நானம் எடுப்பீர்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அதே ஆராதனையில் உறுப்பினர் வாக்கும் சேர்ந்து நடக்கும். அவசரம் வேண்டாம். அவசரப்படுத்துகிற ஆளையும் நம்ப வேண்டாம்.

சட்ட விஷயங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 2022இல் மதமாற்றச் சட்டம் ஒன்று வந்தது. மதம் மாறுகிறவர் 30 நாட்களுக்கு முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்க வேண்டும் என்றும், சடங்கை நடத்துகிறவரும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. 2023 ஜூனில் மாநில அமைச்சரவை அதை ரத்து செய்ய முடிவெடுத்தது. ஆகவே ஞானஸ்நானத் தேதி குறிக்கும் முன், அன்றைய சட்டநிலை என்ன என்று போதகரும் நீங்களும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. எல்லாம் வெளிச்சத்தில், முறையாக நடக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சி.எஸ்.ஐ.யிலிருந்தோ கத்தோலிக்க சபையிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சபைதான் மாறுகிறார்கள், மதம் மாறவில்லை.

இரண்டாவது, பட்டியல் சாதிச் சான்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி நிலை இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் மட்டுமே. ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவராக வாழ்கிறவர் அந்தச் சான்றை வைத்து இட ஒதுக்கீடு கோர முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரி வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. இந்த ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்கு அநியாயம் என்று திருச்சபைகள் நெடுங்காலமாகப் போராடி வருகின்றன. நானும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அது மாறும்வரை, பிள்ளைகளின் படிப்பும் உங்கள் வேலையும் எப்படிப் பாதிக்கப்படும் என்பதை முன்னாலேயே யோசித்துவிடுங்கள். யாரும் உங்களிடம் இதைச் சொல்லாமல் ஞானஸ்நானம் கொடுத்தால் அது தப்பு.

மூன்றாவது, சொத்து. மதம் மாறியதற்காக உங்கள் பங்கு பறிபோகாது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாமல் போகலாம். இதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஜாதி கேட்பீர்களா?

மாட்டோம். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள், ஏன் இருக்கிறது என்றும் கேளுங்கள். வெஸ்லி 1774இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக எழுதினார். 1791இல் சாகும் தறுவாயில்கூட, அந்த வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு அதைப் பற்றித்தான் கடிதம் எழுதினார். அந்த வழியில் வந்த சபையில் ஒரே பெஞ்சில் உட்காருகிற மனிதரை ஜாதியால் அளப்பது வெட்கக்கேடு. தமிழ்ச் சபைகளில் அந்த வெட்கக்கேடு இன்னும் இருக்கிறது. கல்யாணப் பேச்சிலும் கமிட்டித் தேர்தலிலும் தலைகாட்டுகிறது. நீங்கள் சேர்ந்தால் அதை எதிர்க்கிற ஒரு குரல் கூடும்.

உறுப்பினர் வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? பரீட்சை உண்டா?

பரீட்சை கிடையாது. சில சபைகளில் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, கர்த்தருடைய ஜெபம் ஒப்பிக்கச் சொல்வார்கள்.

எத்தனை வாரம் என்பதைப் போதகர்தான் முடிவு செய்வார். பெரும்பாலும் ஆராதனைக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு மணி நேரம். ஐ.டி. கம்பெனிகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்காகச் சனிக்கிழமை மாலை வைத்துக்கொள்வதும் உண்டு. வேதம் என்ன சொல்கிறது, கிறிஸ்து யார், கிருபை என்றால் என்ன, இரண்டு சாக்கிரமெந்துகள், மெதடிஸ்ட் வரலாறு, சபை எப்படி நடக்கிறது, இவைதான் பாடம்.

என்னைக் கேட்டால் வகுப்பின் உயிர், வெஸ்லியின் பொது விதிகளில் இருக்கிறது. மூன்றே விதிகள். தீமை செய்யாதே. உன்னால் முடிந்த எல்லா நன்மையும் செய். கடவுள் தந்த வழிமுறைகளைக் கைவிடாதே, அதாவது ஆராதனை, வேதவாசிப்பு, திருவிருந்து, ஜெபம், உபவாசம். படிக்க எளிதாக இருக்கும். ஆனால் வெஸ்லி முதல் விதிக்குக் கீழே கொடுத்திருக்கும் பட்டியலை வாசித்தால் திடுக்கென்று இருக்கும். வட்டிக் கொடுமை, வரி ஏய்த்துச் சரக்கு விற்பது, புறம்பேசுவது, திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்குவது எல்லாம் அதில் வருகிறது. சிட்பண்டு எடுத்துக் கட்டாமல் விட்டவரும், அடுத்த வீட்டைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறவரும் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படிப்பது நல்லது.

வகுப்பு என்கிற ஏற்பாடே மெதடிஸ்ட் பழக்கம்தான். 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவரை வைத்தார்கள். வீடு வீடாகப் போன தலைவர்கள், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். காசு வசூல் பின்னால் போய், ஒருவரை ஒருவர் விசாரித்துத் தாங்குவது முன்னால் வந்தது. இன்று நம் சபைகளில் பகுதி பகுதியாக நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்கள் அதன் பேரப்பிள்ளைகள். லிங்கராஜபுரத்திலோ முருகேஷ்பாளையத்திலோ உங்கள் வீட்டுப் பக்கம் நடக்கும் கூட்டத்தில் வகுப்புக் காலத்திலேயே சேர்ந்துவிடுங்கள். ஞாயிறு ஆராதனையில் கைகொடுத்துவிட்டுப் போகிறவர்களோடு அங்கேதான் உண்மையான பழக்கம் ஏற்படும்.

அன்றைக்குச் சபைக்கு முன்னால் என்ன கேட்பார்கள்?

நான்கைந்து கேள்விகள். ஞானஸ்நானத்தில் செய்த பிரதிக்கினையைப் புதுப்பிக்கிறீர்களா, இயேசு கிறிஸ்துவை ஆண்டவரும் இரட்சகருமாக அறிக்கை செய்கிறீர்களா, பழைய, புதிய ஏற்பாடுகளில் உள்ள கிறிஸ்தவ விசுவாசத்தை ஏற்கிறீர்களா என்று வரும். கடைசியாக, உங்கள் ஜெபத்தாலும் வருகையாலும் காணிக்கையாலும் ஊழியத்தாலும் இந்தச் சபையைத் தாங்குவீர்களா என்பார்கள். பிறகு சபையாரும் எழுந்து நின்று உங்களைத் தாங்குவோம் என்று வாக்குக் கொடுப்பார்கள். அந்தப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை, நாங்களும் கொடுக்கிறோம். உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்து சபை எட்டிப் பார்க்காவிட்டால், அந்த வாக்கை நினைவுபடுத்த உங்களுக்கு உரிமை உண்டு.

போதகரே கைவைத்து ஜெபித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பேராயர் வருகிற ஞாயிறோடு சேர்த்து வைப்பதும் உண்டு. வெள்ளைச் சேலை, புதுச் சட்டை எல்லாம் உங்கள் விருப்பம்.

வருஷத் தொடக்கத்தில் பல மெதடிஸ்ட் சபைகளில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். 1755இல் வெஸ்லி தொடங்கியது. பழைய உறுப்பினர்களும் தங்களை மறுபடி கடவுளிடம் ஒப்படைக்கிற ஆராதனை அது. சேருவதற்கு முன் அதில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

என் பிள்ளைகள் தானாகவே உறுப்பினர் ஆகிவிடுவார்களா?

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் சபையின் பிள்ளைகள், அவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. முழு உறுப்பினர் ஆவது, விவரம் தெரிந்த வயதில் அவர்களே வகுப்பில் உட்கார்ந்து வாக்குக் கொடுக்கும்போதுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருஷத்தில் தள்ளாதீர்கள். அதற்கு முந்தின வருஷமோ முடிந்த பிறகோ நல்லது.

பெங்களூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வீட்டில் அம்மா கன்னடமோ மலையாளமோ என்றால் பேச்சும் கலந்திருக்கும். தமிழில்தான் ஒப்பிக்க வேண்டும் என்று அவர்களை அழவைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் கற்றுக்கொள்ளட்டும். வாரம் ஒரு கீர்த்தனையைத் தமிழில் பாடக் கற்றுக்கொடுங்கள். பாட்டில் ஒட்டிக்கொண்ட தமிழ் போகாது.

எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

சேருவதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் போதகரிடம் சொல்லுங்கள். மாதக் காணிக்கைக்கு ஒரு கவரோ அட்டையோ தருவார்கள். தசமபாகம் கொடுக்கச் சொல்லிப் பிரசங்கம் வரும். கொடுப்பது உங்கள் மனச்சாட்சி. வேலை போய்விட்ட மாதத்தில் கவர் காலியாக இருந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள், ஆராதனைக்கு வாருங்கள். கணக்கு கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. வருடாந்திரக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்.

குடிக்கிற பழக்கம் உண்டு. சேரலாமா?

வாருங்கள். மெதடிஸ்ட் பாரம்பரியம் மதுவுக்கு எதிரானது, அதை மறைக்கவில்லை. திருவிருந்திலும் புளிக்காத திராட்சை ரசம்தான். 1869இல் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல் மருத்துவர், திருவிருந்துக்காகவே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டுபிடித்தார். குடியை விட விரும்பும் ஒருவருக்கு, மதுவின் வாசனைகூட இல்லாத மேஜை எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்காக மட்டும் உறுப்பினர் ஆகலாமா?

தேதி குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஓடி வருகிறவர்கள் உண்டு. நேரடியாகச் சொன்னால், அது போதகருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் சபையின் எதிர்பார்ப்பு சட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இருவரின் சபைகளிலிருந்தும் கடிதம், ஞாயிறுகளில் ஓலை வாசிப்பது (திருமண அறிவிப்பைச் சபையில் படிப்பது), திருமண ஆலோசனை வகுப்பு எல்லாம் உண்டு. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஆறு மாதம் முன்னதாக வந்தால் நிம்மதியாக நடக்கும். ஊர்ச் சபையில் உறுப்பினராக இருந்தபடியே, அங்கிருந்து அனுமதிக் கடிதம் வாங்கி இங்கே கல்யாணம் வைக்கவும் வழி உண்டு. அதற்காகச் சபை மாற வேண்டிய அவசியமே இல்லை.

அடக்கத்துக்கு உறுப்பினராக இருக்க வேண்டுமா?

வயதான அப்பா அம்மாவைக் கூட வைத்திருக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போது சபைக் கடிதம் கேட்பார்கள். பெங்களூரில் இடம் எவ்வளவு நெருக்கடி என்பது ஓசூர் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அதனால் பெற்றோர் ஊரிலிருந்து வந்து உங்களோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டால், அவர்கள் மாற்றுக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். கடிதம் இல்லாத வீட்டில் மரணம் நேர்ந்தாலும் போதகர் வருவார், ஜெபிப்பார், முடிந்த உதவியைச் சபை செய்யும். ஆனால் துக்கத்தின் நடுவில் காகிதத்துக்காக அலைவது வேண்டாமே.

சேர்ந்த பிறகு கமிட்டியில் வரலாமா? போதகரை நாம் தேர்ந்தெடுக்கிறோமா?

கமிட்டிக்கு முழு உறுப்பினர் நிற்கலாம். பெண்கள், வாலிபர்கள் எல்லோரும். போதகரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநாட்டில் பேராயர் நியமிக்கிறார், சில வருஷங்களில் மாற்றவும் செய்கிறார். வெஸ்லி காலத்திலிருந்தே மெதடிஸ்ட் போதகர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள்தான். பெண்களும் போதகர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த போதகர் மாறிப்போனால் வருத்தம் இருக்கும், அதற்காகச் சபையை விடாதீர்கள்.

முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

ஆராதனை முடிந்ததும் போதகரைப் பாருங்கள். கையில் ஞானஸ்நானச் சான்று நகல், இருந்தால் திடப்படுத்தல் சான்று, ஒரு புகைப்படம், முகவரி. பெயரைத் தமிழிலும் ஆதாரில் இருக்கிற மாதிரியும் எழுதிக் கொடுங்கள். பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் இந்தச் சான்றைக் காட்டும்போது எழுத்து மாறியிருந்தால் அலைச்சல்.

நாளைக்கு வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போனால்?

அதே மாற்றுக் கடிதம் உங்களோடு வரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் மெதடிஸ்ட் சபைகளுக்குத் தனி மாநாடுகளே உண்டு. சிங்கப்பூரில் 1885இல் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் பிறந்தது நம் பெங்களூரில்தான். இலங்கையில் 1814இல் தொடங்கிய மெதடிஸ்ட் சபை, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்றும் தமிழில் ஆராதிக்கிறது. மெதடிஸ்ட் சபை இல்லாத ஊருக்குப் போனால் அங்குள்ள சி.எஸ்.ஐ. அல்லது சி.என்.ஐ. சபைக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். சாமான் கட்டுகிற வாரத்தில் கேட்டால், போதகர் மாநாட்டுக்குப் போயிருப்பார், பதிவேடு அலமாரியில் பூட்டியிருக்கும்.